காய்கறியில் பிறக்கும் பாக்டீரியோசின்: பொடியாக வாங்குவதா, உயிருள்ள கல்ச்சராகச் சேர்ப்பதா?

நறுக்கிப் பைகளில் அடைத்துக் குளிரில் வைக்கும் காய்கறிகளையோ, முளைகட்டிய பயறுகளையோ, உப்புநீரில் புளிக்கவைத்த காய்களையோ தயாரிப்பவர்கள், செயற்கைப் பதப்பொருள்களைக் குறைக்க எண்ணும்போது பாக்டீரியோசின் என்ற பெயரை விரைவிலேயே எதிர்கொள்கிறார்கள். பாக்டீரியாக்கள், புரதம் கட்டும் தம் ரைபோசோம்களில் உருவாக்கி வெளியே விடும் பெப்டைடுகளே, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதங்களே இவை. தமக்கு நெருங்கிய உறவுள்ள மற்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் அவற்றைக் கொல்வதும் இவற்றின் வேலை. காய்கறிகளின் மேற்பரப்பில் இயல்பாகவே குடியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுள் பல இவற்றை உருவாக்குகின்றன. ஆகவே "இயற்கையானது, காய்கறியிலிருந்தே வந்தது" என்ற விளம்பர வாசகம் பொய்யன்று. ஆனால் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது.

சந்தையிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்று மூன்று வடிவங்கள் இருக்கின்றன. பிரித்தெடுத்துத் தரப்படுத்திய பெப்டைடு ஒன்று. பெப்டைடை உருவாக்கும் பாக்டீரியாவைப் பால் அல்லது சர்க்கரைக் கரைசலில் வளர்த்து, முழுக் கரைசலையும் உலர்த்திப் பொடியாக்கியது இரண்டாவது. கல்ச்சர் என்ற பெயரில் விற்கப்படும் உயிருள்ள பாக்டீரியாவையே உணவில் சேர்த்து, அங்கேயே பெப்டைடை உருவாக்கச் செய்வது மூன்றாவது. எந்தப் பெப்டைடு வலிமை மிக்கது என்ற கேள்வியைவிட, அது எங்கே உருவாகப் போகிறது, தொழிற்சாலைத் தொட்டியிலா, குளிர்ந்த காய்கறியின் மேலா, புளிக்கும் உப்புநீரிலா என்ற கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

அதற்கும் முன்பு எதிரி யார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். செல்லுறையின் அமைப்பை வைத்துப் பாக்டீரியாக்களைக் கிராம்-நேர், கிராம்-எதிர் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உருவாக்கும் பாக்டீரியோசின்கள் பெரும்பாலும் கிராம்-நேர் பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். நைசின் என்ற பாக்டீரியோசின், செல்சுவர் கட்டப்படுவதற்குத் தேவையான லிப்பிட்-2 என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு சவ்வில் துளையிடுகிறது. பெடியோசின் பிஏ-1 போன்றவை, மான்னோஸ் சர்க்கரையை உள்ளே கொண்டுசெல்லும் புரதத்தை வாயிலாகக் கொண்டு அதே சவ்வைச் சிதைக்கின்றன. எஷரிச்சியா கோலை, சால்மொனெல்லா போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், பெப்டைடு தன் இலக்கை எட்டுவதே இல்லை. ஈடிடிஏ போன்ற பொருள்களால் அந்த வெளிச்சவ்வைத் தளர்த்தினால் நைசின் அவற்றிலும் வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனால் அப்போது நாம் வாங்குவது வேறொரு சிகிச்சை முறை. பாக்டீரியோசின் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த வரம்பைச் சிறிதாக எண்ணக் கூடாது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது எஷரிச்சியா கோலை ஓ104:எச்4 என்ற கிராம்-எதிர் பாக்டீரியா. அத்தகைய ஆபத்துக்கு விதையின் தூய்மையும் பாசன நீரின் தரமும்தான் காப்பு. மாறாக, அதே 2011-இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாக 33 பேரைக் கொன்றது லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற கிராம்-நேர் பாக்டீரியா. குளிர்பெட்டியின் வெப்பநிலையிலும் மெல்ல வளரக்கூடிய இந்த லிஸ்டீரியாவே உங்கள் முதன்மைக் கவலை என்றால் மேற்கொண்டு படிப்பதில் பொருளுண்டு. சால்மொனெல்லாதான் கவலை என்றால், மூன்று வடிவங்களில் எதையும் முதல் அரணாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

முதல் வடிவத்தில் உண்மையிலேயே நீண்ட வரலாறு உள்ளது நைசினுக்கு மட்டுமே. 1928-இலேயே பாலில் இதன் தடுப்பாற்றல் கவனிக்கப்பட்டது. 1947-இல் இதற்குப் பெயர் கிடைத்தது. 1950-களில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1969-இல் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு இதைப் பாதுகாப்பான உணவுச் சேர்பொருளாக ஏற்றது; 1988-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் ரொட்டியில் தடவும் பாலாடைக்கட்டி வகைகளில் இதை அனுமதித்தது. 34 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடைச் செரிமான நொதிகள் சிதைத்துவிடும் என்பது இதன் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் காரணங்களுள் முக்கியமானது. விற்பனைக்கு வரும் பொடியில் நைசின் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி உப்பும் பால் திண்மங்களும். ஒரு கிராம் பொடியில் பத்து லட்சம் சர்வதேச அலகுகள் என்று தரப்படுத்தப்பட்டிருப்பதால், எவ்வளவு சேர்க்கிறோம் என்பது துல்லியமாகத் தெரியும். மற்ற இரு வடிவங்களுக்கும் இல்லாத பெரிய வசதி இது.

ஆனால் நைசின் அமிலச் சூழலை விரும்பும் பொருள். காரகாடித்தன்மை எண் (pH; இது குறையக் குறைய அமிலம் மிகும்) 2 அளவில் 115 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கி நிற்கும் இது, நடுநிலைச் சூழலை நெருங்க நெருங்கக் கரைதிறனையும் நிலைப்புத்தன்மையையும் இழக்கிறது. இலைக்காய்கறிகளும் முளைப்பயறுகளும் நடுநிலைக்கு அருகில் இருப்பவை. இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. 1990-களில் முளைகட்டிய பாசிப்பயறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாக்கள் உருவாக்கியது நைசின் இசட் என்ற வகை. வழக்கமான ஏ வகையில் 27-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக இதில் அஸ்பராஜின் இருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தால் நடுநிலைச் சூழலில் அது மேலும் நன்றாகக் கரைகிறது. ஆகவே காய்கறிக்காக நைசின் வாங்குபவர், தமக்குத் தரப்படுவது ஏ வகையா, இசட் வகையா என்று கேட்பது வீண் கேள்வி ஆகாது. நிறம் மங்காதிருக்கச் சல்பைட்டுக் கரைசலில் காயை முக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மெட்டாபைசல்பைட்டு நைசினைச் சிதைத்துவிடும். இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்ப்பது பணத்தைக் கொட்டி மூடுவதற்குச் சமம்.

தூய நைசின் தன் முழு மதிப்பையும் காட்டும் இடம் பச்சைக் காய்கறியன்று, டப்பாவில் அடைத்து வெப்பமூட்டிய காய்கறி. கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகளை, அதாவது உறங்குநிலைச் செல்களை, அழிக்கும் அளவு வெப்பமூட்டிய பிறகும், வெப்பம் தாங்கும் வேறு சில பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்திருந்து, வெப்பமான கிடங்குகளில் முளைத்து டப்பாவைக் கெடுக்கும். அந்த முளைப்பை நைசின் தடுப்பதால், காயின் மென்மை கெடும்படி வெப்பத்தை மேலும் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது. பாட்டுலினத்துக்கு எதிரான வெப்பமூட்டலுக்கு அது மாற்றாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அனுமதி பெப்டைடுக்கு மட்டும் கிடைப்பதில்லை. எந்த உணவில் என்பதும் அனுமதியின் பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈ234 என்ற எண்ணுடன் நைசின் இருக்கிறது. ஆனால் சில பாலாடைக்கட்டிகள், ரவைப் புட்டிங் போன்ற வரையறுத்த உணவுகளுக்கே அந்த எண் பொருந்தும். "உலகெங்கும் அனுமதிக்கப்பட்டது" என்று விற்பனையாளர் சொல்லும்போது, நறுக்கிய பச்சைக் காய்கறிக்கு உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை.

இரண்டாவது வடிவமான உலர்த்திய புளிப்புப் பொடிக்கு, பையின் மேல் ஒட்டும் சிட்டையில் ஓர் அழகு உண்டு. "புளிக்கவைத்த சர்க்கரை", "புளிக்கவைத்த பால்" என்று எழுதலாம் என்பதால் பதப்பொருள் என்ற சொல் மறைகிறது. தடுப்பாற்றலைப் பொறுத்தவரையும் இதை இளப்பமாகச் சொல்ல முடியாது. பெப்டைடுடன் லாக்டிக், அசிட்டிக் அமிலங்களும் அவற்றின் உப்புகளும் சேர்ந்தே இருப்பதால், அமிலம் பெப்டைடுக்குத் துணைநிற்கிறது. பெடியோசின் போன்ற, தனிச் சேர்பொருளாகப் பரவலான அனுமதி பெறாத பெப்டைடுகளைப் பயன்படுத்த நடைமுறையில் உள்ள வழியும் பெரும்பாலும் இதுவே. குறை என்னவென்றால், பொடியில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வீரியம் மாறலாம்; சில பொடிகளில் வேலை செய்வது பெரும்பாலும் அமிலமாகவே இருக்கலாம். பாலில் வளர்த்த பொடி என்றால், பால் ஒவ்வாமை எச்சரிக்கை காய்கறிப் பையின் மேல் ஏறும். பதப்படுத்தும் நோக்கத்தோடு சேர்க்கப்படும் எதுவும் சேர்பொருளே என்ற பார்வை கொண்ட அதிகாரிகளும் உண்டு. சிட்டையின் அழகை நம்பி இதைத் தேர்ந்தெடுப்பவர் அந்தக் கேள்விக்கு விடையோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது வடிவமே மனத்தைக் கவர்வது. ஏமாற்றம் தருவதும் பெரும்பாலும் அதுவே. காய்கறியிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் காய்கறியிலேயே மீண்டும் குடியேற்றினால், அது அங்கே இயல்பாக வளர்ந்து, லிஸ்டீரியா தலையெடுக்கும்போதெல்லாம் பெப்டைடை வெளியிட்டு அடக்கும் என்ற எண்ணம் தர்க்கத்துக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. நெதர்லாந்தில் 1990-களின் இறுதியில் நடந்த ஆய்வு ஒன்று இந்த எண்ணத்தை நேராகச் சோதித்தது. நறுக்கிப் பொதியிட்ட காய்கறியிலிருந்து கிடைத்த என்டெரோகாக்கஸ் முண்டியை என்ற பாக்டீரியா, முண்டிசின் என்ற 43 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடை உருவாக்குகிறது. கிருமி நீக்கிய காய்கறிச் சாறு கொண்ட வளர்ப்புத் தட்டில், குளிரிலும் அது லிஸ்டீரியாவைத் தடுத்தது. ஆனால் உண்மையான பாசிப்பயறு முளைகளில் அதே உயிருள்ள பாக்டீரியாவைச் சேர்த்தபோது லிஸ்டீரியா அடங்கவில்லை. முளைகளை முண்டிசின் கரைசலில் கழுவியபோதும், அதைக் கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட்டுப் படலத்தில் கலந்து பூசியபோதும் பலன் கிடைத்தது. ஒரே பாக்டீரியா, ஒரே பெப்டைடு, ஒரே காய்கறி. மாறியது பெப்டைடு உருவான இடம் மட்டுமே.

ஏன் அப்படி என்பதற்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு கிராம் பச்சைக் காய்கறியில் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. அவற்றில் பெரும்பான்மை சூடோமோனாஸ் போன்ற கிராம்-எதிர் இனங்கள், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சிறுபான்மையே. அந்தக் கூட்டத்தில் நாம் புதிதாகச் சேர்க்கும் பாக்டீரியாவுக்கு இடமும் சர்க்கரையும் எளிதில் கிடைப்பதில்லை. மேலும் பாக்டீரியோசின் உற்பத்தி பல இனங்களில் கூட்ட அடர்த்தியைச் சார்ந்தது. தம்மைப் போன்றவை போதிய எண்ணிக்கையில் அருகில் இருப்பதை ஒரு தூதுப் பெப்டைடு வழியாக உணர்ந்த பிறகே உற்பத்தி தொடங்கும். 30 டிகிரியில் துடிப்பாக வளரும் லாக்டோகாக்கஸ், 5 டிகிரியில் ஏறத்தாழ உறக்கத்தில் இருக்கும். லிஸ்டீரியாவோ அந்த நேரத்தில் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். குளிரிலும் நன்றாக வளரும் லியூகோனோஸ்டாக் போன்ற இனத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தடை நீங்கும், ஆனால் அது வெளியிடும் வாயு பையை உப்பச் செய்யும். அமிலமும் பிசுபிசுப்பும் காயின் சுவையைக் கெடுக்கும். நோய்க்கிருமியைத் தடுக்க நாமே அழுகலைச் சேர்த்துவிடும் நிலை அது.

புளிக்கவைத்த காய்கறிகளில் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிறது. அங்கே உப்பும் காற்றில்லாச் சூழலும் கிராம்-எதிர் கூட்டத்தை ஒதுக்கிவிடுகின்றன. சாற்றில் சர்க்கரை இருக்கிறது. வெப்பநிலையும் வளர்ச்சிக்கு ஏற்றது. அமிலம் கூடக் கூட நைசின் போன்ற பெப்டைடுகள் மேலும் நிலைபெறுகின்றன. ஸ்பெயினில் பச்சை ஆலிவ் காய்களின் புளிப்புநீரிலிருந்து 1990-களில் கண்டறியப்பட்ட, பிளான்டாரிசின் எஸ் என்ற பெப்டைடை உருவாக்கும் பிளான்டாரம் வகை லாக்டிக் அமில பாக்டீரியா, அதே உப்புநீரில் போட்டியாளர்களை வென்று நிலைக்கும் ஆற்றலுக்காகவே ஆராயப்பட்டது. இங்கே பெப்டைடு உருவாகுமா என்ற ஐயத்துக்கு இடம் குறைவு. உருவாகும் பெப்டைடு தவறான ஆளைத் தாக்குமோ என்பதே சிக்கல்.

முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கும் சார்க்ராட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் புளிப்பு ஒரே பாக்டீரியாவால் நடப்பதில்லை. லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் முதலில் வளர்ந்து நறுமணத்தையும் கரியமில வாயுவையும் தருகிறது. அமிலம் ஏறிய பிறகு அது ஓய்ந்து, பிளான்டாரம் வகை முன்னுக்கு வருகிறது. பிளான்டாரம் முந்திக்கொண்டால் புளிப்பு கூர்மையாகவும் சுவை வறட்சியாகவும் அமையும். நைசின் உருவாக்கும் லாக்டோகாக்கஸைச் சேர்த்து அதைத் தடுக்கலாமே என்றால், நைசின் லியூகோனோஸ்டாக்கையும் அழித்துவிடும். 1992-இல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார்கள்: நைசினைத் தாங்கும் லியூகோனோஸ்டாக்கையும், நைசின் உருவாக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸையும் இணையாகச் சேர்ப்பது. ஒன்று சுவையைத் தர, மற்றொன்று அதற்கு நேரம் வாங்கித் தருகிறது. உயிருள்ள கல்ச்சரை வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியை இந்த ஆய்வு தெளிவாக்குகிறது. இது எதைக் கொல்லும் என்று மட்டும் கேட்டால் போதாது. என் புளிப்புக்குத் தேவையான எந்தப் பாக்டீரியாவை இது கொல்லாது என்றும் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மிகையைக் குறைத்துச் சொல்வது நல்லது. காரகாடித்தன்மை எண் 4.4-க்குக் கீழே இறங்கிய பிறகு லிஸ்டீரியா பொதுவாக வளர்வதில்லை. நன்றாகப் புளித்த காய்கறியில் நோய்க்கிருமியை அடக்குவது பெரும்பாலும் அமிலமே. பாக்டீரியோசினின் பங்கு, அமிலம் ஏறுவதற்கு முந்தைய நாள்களிலும், சேர்த்த கல்ச்சர் காட்டுப் பாக்டீரியாக்களை முந்தி நிலைபெறுவதிலும்தான் இருக்கிறது. அந்தப் பங்கு மதிப்புள்ளது. ஆனால் உப்பின் அளவையும் வெப்பநிலையையும் சரியாக வைக்காதவருக்குப் பாக்டீரியோசின் கல்ச்சர் ஈடு செய்துவிடாது.

பெப்டைடைத் தரும் இனம் எது என்பதும் தேர்வை மாற்றும். காய்கறிகளிலிருந்து கிடைத்த வலிமையான பாக்டீரியோசின்களில் பல என்டெரோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனத்தின் சில உறுப்பினர்கள் மருத்துவமனைகளில் தொற்றை உண்டாக்குவதாலும், வான்கோமைசின் போன்ற மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களைப் பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தக்கூடியவை என்பதாலும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் பாதுகாப்பு முன்னனுமானப் பட்டியலில் லாக்டோகாக்கஸ் லாக்டிஸையும் பிளான்டாரம் வகையையும் வைத்திருக்கும்போது, என்டெரோகாக்கஸ் பேசியத்தையும் பேகாலிஸையும் அவற்றுக்கு இணையாக வைக்கவில்லை. இவற்றை உயிருள்ள கல்ச்சராகச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரித்தெடுத்த பெப்டைடு என்றால் நிலைமை வேறு: 70 அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த ஏஎஸ்-48 என்ற என்டெரோசினைக் கொண்டு முளைகளையும் பச்சைத் தண்ணீர்விட்டான் (அஸ்பாரகஸ்) தண்டுகளையும் கழுவி லிஸ்டீரியாவைக் குறைக்க முடியும் என்று ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அறிவியல் அளவில் நம்பிக்கை தரும் பொருள் அது. ஆனால் நைசினுக்கு நிகரான அனுமதி வரலாறு அதற்கு இல்லை.

எதிர்ப்புத்திறன் பற்றிய கவலை மூன்று வடிவங்களுக்கும் பொது, அளவில்தான் வேறுபாடு. மான்னோஸ் கடத்தும் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்ட லிஸ்டீரியா, பெடியோசினுக்கு மட்டுமன்றி, அதே வாயிலைப் பயன்படுத்தும் முண்டிசின் உள்ளிட்ட முழுக் குடும்பத்துக்கும் எதிர்ப்பைப் பெற்றுவிடுகிறது. ஆகையால் பெடியோசின் பொடியையும் முண்டிசின் பொடியையும் சேர்த்துப் பயன்படுத்துவது இரண்டு பூட்டுகள் போடுவதாகாது. வேறு இலக்குடைய நைசினையோ ஓர் அங்கக அமிலத்தையோ துணைக்குச் சேர்ப்பதில் பொருளுண்டு.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, குளிரில் வைக்கும் நறுக்கிய காய்கறிக்கும் முளைகளுக்கும் உயிருள்ள கல்ச்சரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். சட்டம் இடம் தந்தால், குளோரின் போன்ற கழுவுதலுக்குப் பின்னர், அதன் எச்சம் நீங்கிய நிலையில், அளவு தெரிந்த பெப்டைடைக் கடைசி முக்குநீரிலோ உண்ணத்தக்க படலத்திலோ சேர்ப்பேன். குளோரின் கழுவி முடிந்தவுடன் ஓய்ந்துவிடும். படலத்தில் தங்கும் பெப்டைடு பைக்குள்ளும் சில நாள் வேலை செய்யும் என்பதே அந்தக் கூடுதல் செலவுக்கு நியாயம். பெப்டைடுக்குச் சட்டம் இடம் தராத இடத்தில் புளிப்புப் பொடி இரண்டாம் தேர்வு. அதுவும் ஒவ்வொரு தொகுதிக்கும் தடுப்பாற்றல் அளவீட்டைத் தர ஒப்புக்கொள்ளும் விற்பனையாளரிடமிருந்து மட்டும். டப்பாக் காய்கறிக்கு, பாட்டுலினத்துக்கு எதிரான வெப்பமூட்டலோடு சேர்த்துப் பயன்படுத்த நைசினே சரியான தேர்வு. புளிக்கவைக்கும் காய்கறிக்கு உயிருள்ள கல்ச்சரே சரி. அங்கே தூய பெப்டைடை ஊற்றுவது வேலைக்கு வந்த பாக்டீரியாவையே விரட்டுவதாக முடியலாம்.

எந்த வடிவத்தை எடுத்தாலும், விற்பனையாளர் காட்டும் வளர்ப்புத் தட்டின் தடுப்பு வளையத்தை ஆதாரமாக ஏற்க வேண்டாம். சோதனையைத் தகுதியுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில், உங்கள் காய்கறியிலேயே, உங்கள் பையிலேயே, விற்பனைக் காலம் முழுவதும் செய்விக்க வேண்டும். குளிர்ச்சங்கிலி அறுந்தால் வரும் வெப்பநிலையையும் ஒரு முறை சேர்த்துப் பார்க்க வேண்டும். உயிருள்ள கல்ச்சர் என்றால், பெப்டைடு உருவாக்கும் மரபணுவை இழந்த அதே பாக்டீரியாவை ஒப்பீட்டுக்காக மற்றொரு தொகுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். இரு தொகுதிகளிலும் லிஸ்டீரியா ஒரே அளவில் குறைந்தால், வேலை செய்தது அமிலமோ இடப் போட்டியோ; பாக்டீரியோசினுக்கெனக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பொடி என்றால், அதன் கரைசலின் அமிலத்தை நடுநிலையாக்கியும், புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். நடுநிலையாக்கிய பிறகும் தடுப்பு நிலைத்து, நொதி சேர்த்த பிறகு அது மறைந்தால், நீங்கள் வாங்கியது பெப்டைடுதான்.